மூன்று துளைகள்

செப்டெம்பர் 9, 2024. திங்கள்

புகை இழுக்கிற வேப் குழாய் ஏழையும் துடைத்து முடிக்க மத்தியானம் இரண்டு மணியாயிற்று. ஐந்து பித்தளை, இரண்டு செம்பு. ஒவ்வொன்றையும் மரை கழற்றி, மரைக்குள் பிடித்திருந்த கறுப்பை அல்ககோலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் எடுத்தேன். இரண்டாம் இலக்கத்தின் பற்றறி உறை நகக்கண் அளவு கிழிந்திருந்தது. உரித்தெறிந்து புது உறை போட்டு, தலைமுடி காயவைக்கிற மெஷினால் சூடு காட்டிச் சுருக்கினேன். அந்த நகக்கண் அளவு கிழிசல் குழாயின் சுவரில் பட்டால் போதும், பற்றறியிலுள்ள மின் முழுவதும் அந்த வழியால் ஒரேயடியாக ஓடும்.

இவர் வந்து "முடிஞ்சுதோ" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். கோவிலில் செருப்புக்குத் துண்டு தருகிறவரோடுகூட மனிசர் இதைவிட இரண்டு சொல் கூடக் கதைப்பார்கள்.

பிறகு தலைக்கு முழுகி, சாமியறைக்குப் போய் விளக்கேற்றினேன். வேப் குழாய் தொட்ட கையோடு நான் திரியைத் தொடுவதில்லை. புகை விற்ற காசில் வாங்கிய எண்ணெய் என்பது முருகனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அவர் ஒன்றும் கேட்பதில்லை. அந்த வகையில் அவரும் இந்த வீட்டு ஆம்பிளை மாதிரித்தான்.

செப்டெம்பர் 13, வெள்ளி

கோவிலில் பஜனை. இராஜேஸ்வரி அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தா. ஆரத்தி முடிந்ததும் என் காதுக்குள், "உங்கட அவர் பெரிய கெட்டிக்காரராமே. என்ரை மகன் பிரியந்தன் சொன்னவன், கடையில எல்லாரும் 'இஞ்சினியர் அங்கிள்' எண்டுதான் கூப்பிடுறவையாம்" என்றா.

ஓம், இஞ்சினியர் அங்கிள். பிளாஸ்ரிக் மூடி அடிக்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் நின்றுவிட்டு, அது மூடப்பட, ஸ்டீல்ஸ் வீதிப் பிளாசாவில் ஸ்ரீதரனின் போன் திருத்துகிற கடைக்குள்ளே ஒரு கண்ணாடி மேசையை வாடகைக்கு எடுத்த இஞ்சினியர். மேசைக்குள் இருக்கிற குழாய்களில் சூடேறிப் புகை எழுப்புகிற கம்பிச் சுருள், அந்தக் கொயில், ஒவ்வொன்றும் என் கையால் சுற்றியது. மூன்று மில்லிமீற்றர்க் கோலில் கம்பியை ஆறு சுற்று, ஒன்றோடொன்று முட்டாமல், இடைவெளி பிசகாமல். மாலை கட்டுகிற விரலுக்கு அது பெரிய வேலையில்லை.

கணக்கும் நான்தான் கற்றுக்கொண்டேன். வோபர்னில் நூலகத்துக்குப் போய், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாலு மாதம். நாலு தசம் இரண்டு வோல்ற்றைக் கொயிலின் தடையால், அந்த ஓம்ஸால், பிரித்தால் எத்தனை அம்பியர் என்று வரும். பற்றறி தாங்குகிற அம்பியர் அதைவிடக் கூட இருக்கவேண்டும். இவ்வளவுதான். இதை இவருக்கு மூன்று தரம் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் தரம் டீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

இராஜேஸ்வரி அக்காவிடம், "ஓம் அக்கா, நல்ல விளக்கமான மனிசன்" என்றேன். பொய்யென்றும் இல்லை. எந்த நேரம் எழும்பிப் போகவேண்டும் என்ற விளக்கம் அவருக்கு நல்லாயுண்டு.

செப்டெம்பர் 22, ஞாயிறு

சண்டை. குரல் உயராத சண்டை, அதுதான் கூடாத சண்டை.

தடை குறையக் குறையப் புகை கூடும். பொடியள் கேட்பது புகையை. இவருக்கு 0.12, 0.1 என்று கட்டிக்கொடுக்க ஆசை. "அடுத்த பிளாசாக்காரன் குடுக்கிறான். அங்கை போறாங்கள் எல்லாரும்."

நான் 0.25-க்குக் கீழே கட்டமாட்டேன் என்றேன். 0.25 என்றால் பதினேழு அம்பியருக்குக் கிட்ட. எங்களிடம் இருக்கிற பற்றறி இருபது தாங்கும். மூன்று அம்பியர் மிச்சம் வைக்கிறேன், குசினியில் தாச்சிக்குள் எண்ணெய்க்கு மேல் ஒரு விரற்கடை விடுகிற மாதிரி. சிப் உள்ள சாமான் என்றால் பிழை வந்தால் தானாக நின்றுவிடும். இந்தக் குழாய்க்குள் சிப் இல்லை. ஒரு பற்றறி, ஒரு பொத்தான், மேலே ஒரு கொயில். அமத்தினால் ஓடும். அமத்துகிறவனுக்கு மூளை இருந்தால்தான் நிற்கும்.

"நீ என்ன படிச்சனீ?" என்று கேட்டார்.

ஊரில் ஓஎல் சோதனை வரைக்கும் படித்தேன். கணிதத்தில் டி, அதிவிசேட சித்தி. அவருக்கு அது தெரியும், அவர் தான் எடுத்ததை ஒருநாளும் சொன்னதில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் கத்தரிக்காயும். சாப்பிட்டார். சாப்பாட்டில் அவருக்குக் கோபமில்லை.

செப்டெம்பர் 30, திங்கள்

கடைக் கொப்பியில் புதுப் பக்கம். மேலே பிள்ளையார் சுழி. பிறகு கோடு இழுத்து: திகதி, இலக்கம், தடை, பற்றறி, உறை, பொத்தான், துளை. ஏழு கட்டம். ஒவ்வொன்றையும் பார்த்த பிறகுதான் சரி போடுவேன்.

துளை என்றால் குழாயின் சுவரில் அடிப்பக்கமாக உள்ள மூன்று சின்ன ஓட்டைகள். பற்றறி பிழைத்து உள்ளே காற்று முட்டினால் அது வெளியேற வழி. அந்த வழி அடைபட்டால் குழாய் குழாயில்லை, வெடி. நான் ஒவ்வொரு துளைக்குள்ளும் ஊசி விட்டுப் பார்ப்பேன், பிறகு ஜன்னலுக்கு நேரே பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பேன். இந்த வீட்டில் வேறு எவரும் எதையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பதில்லை.

ஒக்டோபர் 3, வியாழன்

நவராத்திரி தொடக்கம். ஒருநேரச் சாப்பாடு. தலை கொஞ்சம் சுற்றுகிறது.

ஒக்டோபர் 12, சனி

விசயதசமி. காலையிலேயே இவர் கடையிலிருந்து காட்சிக்கு வைத்திருந்த பதினொரு குழாயையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கலைமகளின் காலடியில் வைக்கட்டாம். "தொழில்தானே. தையல்காரன் மெஷினை வைக்கிறான், ட்றைவர்மார் காருக்குப் பொட்டு வைக்கினம். எங்கட தொழில் மட்டும் என்ன குறைவோ?"

எனக்கு விருப்பமில்லை. சரஸ்வதிக்கு முன்னால் புகைக்குழாய். ஆனால் நாள் நல்ல நாள், வாய் திறந்தால் சண்டை. வெள்ளைத் துணி விரித்து, என் கொப்பியையும் பேனையையும் ஒரு பக்கம் வைத்து, குழாய்களை மற்றப் பக்கம் வரிசையாகப் படுக்க வைத்தேன். சந்தனம் கெட்டியாகக் குழைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு, அதன் மேல் குங்குமம். பழக்கதோஷத்தில் மூன்று மூன்றாக, அடிப்பக்கமாய் வைத்தேன். பித்தளையில் சந்தனம் வைத்தால் என்ன வடிவு. ஒரு கணம் குத்துவிளக்குகள் வரிசையாகப் படுத்துக் கிடக்கிறமாதிரி இருந்தது. என்னையறியாமல் கும்பிட்டும் விட்டேன்.

அவல், கடலை, சர்க்கரைப் புக்கை. லக்ஷிகா ஒட்டாவாவிலிருந்து வீடியோவில் வந்தாள். "அம்மா, ஆர் தோஸ் வேப்ஸ்? இன் த ஷ்ரைன்?" என்று சிரித்தாள். மகளின் சிரிப்புக்குக் கோபிக்க ஏலாது.

ஒக்டோபர் 15, செவ்வாய்

நேற்றும் லீவு, இன்றும் உடம்பு எழும்பவில்லை. குழாய் பதினொன்றையும் துணியால் துடைத்து, கொப்பி எழுதி, பையில் போட்டுவிட்டேன். இவர் வாசலில் காரை ஓடவிட்டபடி நின்றார்.

ஒக்டோபர் 17, வியாழன்

ஆறாம் இலக்கம் விற்றுவிட்டதாம். வாங்கினது இராஜேஸ்வரி அக்காவின் பிரியந்தன். இவருக்கு நல்ல சந்தோஷம். வரும்போது வடை வாங்கிக்கொண்டு வந்தார், எனக்கும் சேர்த்து.

ஒக்டோபர் 26, சனி

பிரியந்தனின் கை.

பின்னேரம் நாலரைக்கு ஸ்ரீதரன் போன் எடுத்தார். இவரை அல்ல, வீட்டு நம்பருக்கு. பிரியந்தன் தன் வீட்டுக் கராஜுக்குள் நின்று இரண்டு கூட்டாளிகளுக்குப் புகை விட்டுக் காட்டியிருக்கிறான். நீளமாக அமத்தியிருக்கிறான். குழாய் சுட்டிருக்கிறது, விட்டிருக்கிறான், பொத்தான் மேலே வரவில்லை. எறிய முன்னம் அடிமூடி வெடித்துப் பறந்துவிட்டது. வலது உள்ளங்கையும் இரண்டு விரலும். முகத்துக்கு ஒன்றுமில்லை, கடவுளே. முகத்துக்கு ஒன்றுமில்லை.

அவன் புது வீடுகளில் ட்ரைவோலுக்கு, சுவர்ப் பலகைக்கு, பூச்சுப் பூசுகிறவன். வலது கையால் பூசுகிறவன். கலியாணம் கட்டி இரண்டு வருஷம்.

இவர் ஏழு மணிக்கு வந்தார். சப்பாத்து கழற்றாமல் குசினிக்குள் வந்து தண்ணீர் குடித்தார். நான் கொப்பியை எடுத்தேன். ஆறாம் இலக்கம், 0.26, உறை சரி, பொத்தான் சரி, துளை சரி. "இது வெடிக்கேலாது. நான் கட்டின கொயில் இது வெடிக்கேலாது" என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

அவர் தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

ஒக்டோபர் 28, திங்கள்

சொல்லிவிட்டார். காலைத் தேத்தண்ணீரோடு, வானிலை சொல்லுகிறமாதிரி.

பிரியந்தன் புகை காணாது என்றானாம். இவர் என் கொயிலைக் கழற்றி எறிந்துவிட்டு, தடித்த கம்பியில் தானே ஒன்று சுற்றிக் கொடுத்தாராம். எத்தனை ஓம்ஸ் என்று அளக்கவில்லையாம். அளக்கிற மீற்றருக்குள் பற்றறி இறங்கிப் போயிருந்ததாம்.

இனி என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்திருக்கிறார். இன்சூரன்ஸ்காரர் விசாரிக்க வருவார்கள். கொப்பியில் 0.26 என்றுதான் இருக்கிறது. அதையே காட்டுவோம். "அவன் வீட்டை கொண்டுபோய்த் தானே மாத்தினவன் எண்டு சொல்லுவம். உன்ரை கொப்பிதான் சாட்சி."

எட்டு வருஷமாக வீட்டுக் கணக்கு, இரண்டு வருஷமாகக் கடைக் கொப்பி. ஒரு நாளும் இந்த மனிசன் அதைத் திறந்து பார்த்ததில்லை. இன்றைக்கு முதல்தரம் கையில் வாங்கி, மட்டையைத் தடவிப் பார்த்தார்.

அவன் தானே மாற்றினவன் என்றால் அவனுக்கு ஒரு சதமும் கிடையாது. அது மட்டுமில்லை, சனம் அவனை முட்டாள் என்று சொல்லும். கை போன முட்டாள்.

நான் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கோப்பைகளைக் கழுவினேன்.

நவம்பர் 2, சனி

கந்தசஷ்டி தொடக்கம். ஆறு நாளும் பாலும் பழமும்.

பதினொரு மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. கஜனி, பிரியந்தனின் மனைவி. கையில் வாய் பூட்டிய பிளாஸ்ரிக் பை, அதற்குள் குழாய். இவர் கடையில். அது பார்த்துத்தான் வந்திருக்கிறாள்.

"அன்ரி, கொப்பி எழுதுறது நீங்கள்தான் எண்டு ஸ்ரீதரன் அண்ணை சொன்னவர். எங்கட இவர் ஏதும் பிழையாச் செய்துபோட்டாரோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. அங்கிளிட்டைக் கேக்க எனக்கு மனமில்லை."

தேத்தண்ணீர் வேண்டாம் என்றாள். கீழே என் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேல்பகுதி பழுதில்லை, கொயில் அப்படியே இருந்தது. மீற்றரில் வைத்தேன். 0.11. நாலு தசம் இரண்டை அதால் பிரித்தால் முப்பத்தெட்டு அம்பியர். இருபது தாங்குகிற பற்றறியிடம் முப்பத்தெட்டு கேட்டிருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் ஒரு — இதை எழுதத்தான் வேண்டும் — ஒரு நிம்மதி வந்தது. இவருடைய பிழை. முழுவதும் இவருடைய பிழை.

பிறகு குழாயைத் திருப்பி ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் வரவில்லை.

மூன்று துளையும் அடைபட்டிருந்தன. ஊசி நுனியால் ஒன்றைத் தொட்டேன். மஞ்சளாய்த் தூள் உதிர்ந்தது. அதற்கு மேல் சிவப்பு.

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

கஜனி "என்ன அன்ரி" என்று கேட்டாள். பிரியந்தன் பிழை ஒன்றும் விடவில்லை என்று மட்டும் சொன்னேன். மிச்சம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதை ஒருவரிடமும் கொடுக்காதே, கழுவாதே, அப்படியே வைத்திரு என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "நன்றி அன்ரி" என்றாள். நன்றி.

நவம்பர் 4, திங்கள்

என்னால் வேறொன்றும் எழுத முடியவில்லை. ஒக்டோபர் 15-ஆம் திகதிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறேன். துளைக் கட்டத்தில் பதினொரு சரி. மேலிருந்து கீழாக, ஒரே சாய்வில், ஒரே இழுப்பில் போட்டது போல. மற்றப் பக்கங்களில் என் சரிகள் ஒன்று சின்னன், ஒன்று பெரிசு, இடையில் ஊசிக்கும் பேனைக்கும் கை மாறியது தெரியும். இந்தப் பக்கத்தில் அது இல்லை.

நான் பார்க்கேல்லை. துணியால் துடைத்தனான். பொட்டு மேலே போய்விட்டது, துளைக்குள்ளே இருந்தது உள்ளுக்குப் போய்க் காய்ந்துவிட்டது. துடைத்ததே அடைத்திருக்கிறது. விரதம், களைப்பு, கார் வாசலில் நிற்குது — அதுக்கு என்ன? ஊசி பக்கத்திலைதானே கிடந்தது.

இவர் கொயில் கட்டாவிட்டால் அது சூடாகியிராது. நான் பார்த்திருந்தால் அது சூடாகியும் வெடித்திராது, புகைந்து நாறி நின்றிருக்கும். அவன் பயந்து எறிந்திருப்பான். கையில் ஒரு கொப்புளத்தோடு போயிருக்கும்.

அளக்காமல் கட்டினவருக்கும் பார்க்காமல் சரி போட்டவளுக்கும் என்ன வித்தியாசம்? அவர் ஒன்றும் எழுதவில்லை. நான் பொய்யை எழுதியும் வைத்திருக்கிறேன், பிள்ளையார் சுழிக்குக் கீழே.

நவம்பர் 5, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். சந்தனம், துளை, சரி, எல்லாம்.

முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் முகம் — முப்பது வருஷம் பார்த்த முகம், இப்படி இலேசானதை நான் கண்டதில்லை. "அப்ப உன்ரை பிழையும் கிடக்கு" என்றார். பிறகு கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, "பறவாயில்லை. நாங்கள் ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் ஒண்டும் இல்லை" என்றார்.

நாங்கள். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன்போல. இதுக்குத்தான் வந்தது.

பின்னேரம் லக்ஷிகா போன் எடுத்தாள். அப்பா சொல்லியிருக்கிறார். "அம்மா, ஜஸ்ற் டோன்ற் சே எனிதிங், ஓகே? அப்பா உங்களுக்கு ட்ரான்ஸ்லேற் பண்ணுவார். யூ டோன்ற் ஹாவ் ரு டோக்." பாவம், எனக்கு நல்லது செய்கிறதாக நினைக்கிறாள்.

நவம்பர் 7, வியாழன்

சூரன்போர். கோவிலில் தள்ளமுடியாத சனம். இராஜேஸ்வரி அக்கா என்னைத் தேடி வந்து கையைப் பிடித்தா. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்திருக்கிறார்களாம். சின்ன விரல் மடங்காதாம். "நீங்கள் விரதம் பிடிச்சிருக்கிறியள், நீங்கள் கேட்டால் முருகன் குடுப்பார். என்ரை பிள்ளைக்காக ஒருக்காக் கேளுங்கோ" என்றா.

கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது. சூரனின் தலை ஒவ்வொன்றாக மாறி மாறி வந்தது, சனம் அரோகரா சொன்னது, நான் வாயை மட்டும் அசைத்தேன்.

விரதம் முடிக்க வைத்த சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.

நவம்பர் 14, வியாழன்

இன்சூரன்ஸிலிருந்து மாக்கஸ் என்று ஒருவர் பத்து மணிக்கு வந்தார். உயரமானவர், கறுப்பினத்தவர், தாடி நரைத்திருந்தது. வாசலில் கேட்காமலே சப்பாத்தைக் கழற்றினார். எனக்கு அதிலேயே அரைவாசிப் பயம் போய்விட்டது.

இவர் ஷேட்டுக்கு மேல் ஜக்கெற் போட்டு, சோபாவில் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தார். மனிசிக்கு இங்கிலிஷ் தெரியாது, நான் மொழிபெயர்க்கிறேன் என்றார். மாக்கஸ் கொப்பியைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கமாக, அவசரமில்லாமல். இலக்கங்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதானே. இவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்த ஒரு கடையை நான் கண்டதில்லை என்றார். எனக்கு விளங்கியது. இவர் அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

பிறகு மாக்கஸ் ஆறாம் இலக்கத்தின் வரியில் விரலை வைத்து, குழாய் கடையை விட்டுப் போனபோது இப்படியேதான் இருந்ததா, அதன் பிறகு வாங்கியவர்தான் மாற்றினாரா என்று கேட்டார். இவர் என் பக்கம் திரும்பித் தமிழில், "ஓம் எண்டு தலையாட்டு" என்றார். அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு.

நான் மாக்கஸைப் பார்த்தேன். நூலகத்தில் நாலு மாதம் மனதுக்குள் படித்த இங்கிலிஷை முதல்தரம் வாயால் சொன்னேன்.

"நோ," என்றேன். "மை ஹஸ்பண்ட் சேஞ்ட் த கொயில். இன் த ஷொப். ஸீரோ பொயின்ற் வன் வன். ரூ லோ."

இவர் என் பேரைச் சொல்லி, "யோகா" என்றார். மெதுவாகத்தான்.

"அண்ட் மீ," என்றேன். விரலால் துளைக் கட்டத்தைக் காட்டினேன். "திஸ் ஹோல்ஸ். ஐ புட் சண்டல்வுட். ஃபோர் பூசை. தென் ஐ புட் த டிக். ஐ டிட் நொட் லுக்."

மாக்கஸ் எழுதுவதை நிறுத்திவிட்டார். சந்தனம் என்றால் என்ன என்று விளங்கவில்லையோ என்று நினைத்து, சாமியறைக்குப் போய்ச் சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டினேன். மணந்து பார்த்தார். எப்படிக் காயும் என்று கேட்டார். கல்லு மாதிரி என்றேன். குழாய் கஜனியிடம் இருக்கிறது, கழுவவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். எல்லாவற்றையும் எழுதினார். இது உங்களுக்குச் சிரமம் கொடுக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று ஒருதரம் கேட்டார். யெஸ் என்றேன்.

அவர் போனபிறகு இவர் ஜக்கெற்றைக் கழற்றிக் கதிரையில் மாட்டினார். "உனக்கு இங்கிலிஷ் தெரியுமெண்டு எனக்குச் சொல்லேல்லை" என்றார்.

நவம்பர் 15, வெள்ளி

கதைக்கவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

ஒரு கிழமையாகக் கதைக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டு வைக்கிறேன், சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்திருக்கிறார். முன்பு ஒருநாளும் கழுவினதில்லை. எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கக்கூடாது என்று கழுவுகிறார்.

பஜனைக்குப் போனேன். போகாமல் விட்டிருக்கலாம். மாக்கஸ் பிரியந்தன் வீட்டாருக்கு எல்லாம் சொல்லியிருக்கிறார். இராஜேஸ்வரி அக்கா வழக்கமான இடத்தில் இல்லை, எதிர்ப்பக்கம் இருந்தா. முடிந்ததும் நானே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் வாய்க்குள்ளிருந்து வேறொன்று வந்துவிட்டது. "அக்கா, நான் மறைக்கேல்லை. எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்" என்றேன்.

அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. "உண்மை சொன்னதுக்கு இப்ப உங்களை நான் கும்பிடோணுமோ?" என்றா.

நியாயமான கேள்வி. நான் அதைத்தான் எதிர்பார்த்து வந்திருக்கிறேன் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது. சூரன்போர் அன்றைக்கு என் கையைப் பிடித்தவ. அன்றைக்கே எனக்குத் தெரியும், அன்றைக்குச் சொல்லவில்லை. அவவுக்கும் இப்போது அந்தக் கணக்குத் தெரியும்.

பஸ்ஸில் வந்தேன். மக்கோவன் வீதியில் இறங்கி நடக்கும்போது முதல் பனி.

டிசெம்பர் 10, செவ்வாய்

பிரியந்தனுக்கு இன்சூரன்ஸ் கொடுக்கும் என்று முடிவாம். ஸ்ரீதரன் சொன்னார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கண்ணாடி மேசையை மாத முடிவோடு ஒப்படைக்கவேண்டும், இனி இவருக்கு ஒருவரும் காப்புறுதி எழுதமாட்டார்கள். மிஞ்சிய குழாய்களை இவர் யாருக்கோ மொத்தமாக விற்றுவிட்டார். என் மீற்றரையும் ஊசிப் பெட்டியையும் மட்டும் ஒரு மளிகைப் பைக்குள் போட்டுப் படிக்கட்டில் வைத்திருந்தார்.

மார்க்கம் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலைக்குப் போகிறார். பெட்டி தூக்குகிற வேலை. அறுபது வயதில். அது என்னால்தான் என்று அவர் சொல்வதில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறார், ஒவ்வொரு படியிலும் நின்று.

எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. கோபமும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று குறைப்பதில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இவருக்கு வேலை. தனியாகப் பொங்கினேன். பால் வடக்குப் பக்கம் சரிந்தது. சந்தனம் குழைக்கவில்லை, விபூதி மட்டும்.

ஜனவரி 29, புதன்

ஸ்ரீதரன் போன் எடுத்து, கிழமையில் மூன்று நாள் வந்து தன் கடையில் பற்றறி வேலை பார்க்க முடியுமா என்று கேட்டார். ஊதிப்போன போன் பற்றறிகளைக் கழற்றுவது, சோதிப்பது, எழுதி வைப்பது. நடந்தது எல்லாம் தெரிந்த மனிசன். ஏன் என்னை என்று கேட்டேன்.

"அக்கா, உங்களுக்குத்தான் இனிப் பயம் இருக்கு. எனக்குப் பயம் உள்ள ஆள் வேணும்" என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்கு இவரிடம் சொன்னேன். "போ" என்றார். இரண்டரை மாதத்தில் எனக்கென்று சொன்ன ஒரு சொல். போகச் சொன்னாரா, தொலையச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 22, சனி

கடையில் மத்தியானம் ஆட்கள் குறைவு. கஜனி வந்தாள். தனியாக. குளிர்க்கோட்டைக் கழற்றவில்லை. கைப்பைக்குள்ளிருந்து ஒரு குழாயை எடுத்து என் மேசையில் வைத்தாள். புதுசு. செம்பு. சிப் இல்லாதது.

அதைக் கையில் எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தேன். பிறகு, விசரோ உங்கள் ரெண்டு பேருக்கும் என்று கேட்டேன்.

பிரியந்தன் சிகரெற்றைத் திரும்பத் தொடங்கிவிட்டானாம், வீட்டில் சும்மா இருக்கிற நேரம் ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. அதை விட்டுவிட இதை வாங்கியிருக்கிறான். சிப் உள்ளது வாங்கச் சொல்லி அவள் சண்டை பிடித்தாளாம், கேட்கவில்லையாம். இடது கையால் அமத்தப் பழகுகிறானாம். "மாமிக்குத் தெரியாது. இஞ்ச வந்ததும் தெரியாது. ஆனால் நீங்கள் பாக்காமல் நான் அவரின்ரை கையில குடுக்கமாட்டன்."

சிப் உள்ளதுதான் வேண்டும் என்று திரும்பவும் சொன்னேன். அவனை இங்கே கூட்டிக்கொண்டு வா, நானே சொல்கிறேன் என்றேன். வருவார் என்றாள். எப்போது என்று சொல்லவில்லை.

உள்ளே இருந்த கொயில் 0.15. வெட்டி எறிந்துவிட்டு 0.4-இல் புதிதாகச் சுற்றினேன். புகை காணாது என்று சொல்லுவான். சொல்லட்டும். பற்றறியின் உறையைச் சுற்றிவரப் பார்த்தேன், பொத்தானை ஐம்பது தரம் அமத்தி விட்டேன், ஒவ்வொரு தரமும் மேலே வந்தது. பிறகு துளைகள். இதில் நாலு.

கஜனி இருக்கவில்லை. மேசைக்கு எதிரே நின்றபடி என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது, எடுக்கவில்லை. ஊசி எந்தத் துளைக்குள் போகிறது, எந்தத் துளையிலிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாக, கண்ணை எடுக்காமல்.

நான் கதிரையை லைற்றுக்குக் கிட்டத் தள்ளிப் போட்டு, துளைகளில் வெளிச்சம் வருவது அவளுக்கும் தெரிகிறமாதிரிக் குழாயைத் திருப்பிப் பிடித்தேன்.